ஒரே மூட்டு வாதத்துக்கு இத்தனை மருந்து: எது எந்தக் கலத்தை அடக்குது?

மருந்துமேசை:

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாமசியில நிற்கிறேன், மருந்தாளர் படிப்பும் நடக்குது. வாதநோய் கிளினிக் கொப்பியோட வாற பல பேருக்கு எழுதியிருக்கிறது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பிரெட்னிசொலோன் (ஸ்டெரொய்ட்) 7.5 மி.கி. காலையில, மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. கிழமைக்கு ஒருக்கா, ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அதுவும் கிழமைக்கு ஒருக்கா, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200 மி.கி. ஒவ்வொரு நாளும், நோவு கூடினால் மட்டும் டைக்ளோபெனாக் 50 மி.கி.

எல்லாத்தையும் "அழற்சிக்கு" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். ஆனால் நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்பு) கலங்கள் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிற நோயில இந்த அஞ்சும் ஒரே இடத்திலயா பிடிக்குது? பாடக்குறிப்பு "நிர்ப்பீடனத்தை அடக்கும்" என்ற ஒற்றை வரியோட முடியுது. "ஸ்டெரொய்ட் குடிச்ச அடுத்த நாளே கை மடக்க ஏலுது, மற்றதை ஒரு மாதம் குடிச்சும் ஒண்டும் தெரியல்ல, பிறகேன் அது?" என்று கேக்கிறாங்க. மிரட்டுற பதில் வேண்டாம். வேலை செய்யிற விதம் விளங்கினால் நானே சொல்லிக்கொள்வேன்.

இன்னொண்டு, காய்ச்சல் வந்தால் எதை நிறுத்துறது, எதைத் தொடர்றது?

வெள்ளைக்கோட்டு:

ஒரே இடத்தில் பிடிப்பதில்லை. ஃபோலிக் அமிலத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அழற்சிக்கு இல்லை, மெத்தோட்ரெக்சேட்டால் வரும் வாய்ப்புண், குமட்டல், ஈரல் நொதியம் கூடுவது போன்றவற்றைக் குறைக்க.

மூட்டுக்குள் நடப்பது இது. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்குள் ரி கலம், பீ கலம், மக்ரோபேஜ் என்ற நிர்ப்பீடனக் கலங்கள் எல்லாம் வந்து குடியேறுகின்றன. ரி கலம் மக்ரோபேஜைத் தூண்ட, மக்ரோபேஜ் டிஎன்எஃப், இன்ரலூக்கின் 1, இன்ரலூக்கின் 6 என்ற தூதுப் புரதங்களைக் கொட்டுகிறது. அவை இரத்தத்திலிருந்து இன்னும் கலங்களை இழுக்கின்றன, வந்த கலங்கள் இன்னும் புரதம் கொட்டுகின்றன. சவ்வு தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பை அரிக்கும் ஒஸ்ரியோகிளாஸ்ட் கலங்களுக்கும் உற்சாகம் கொடுப்பது இதே புரதங்கள்தான். காலையில் எழும்பி ஒரு மணித்தியாலம் விரல் விறைத்துக் கிடப்பதும், பின்னாளில் எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரிபட்டுத் தெரிவதும் வேறுவேறு வருத்தமல்ல.

டைக்ளோபெனாக் இந்தச் சுழற்சியைத் தொடுவதே இல்லை. அழற்சி நடக்கும் இடத்தில் அரக்கிடோனிக் அமிலத்தை கொக்ஸ் என்ற நொதியம் புரொஸ்ரகிளாண்டினாக மாற்றுகிறது. நரம்பை நோவுக்குக் கூர்மையாக்குவதும், குருதிக்குழாயை விரித்து வீங்கச் செய்வதும் அந்தப் புரொஸ்ரகிளாண்டின். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன என்று ஜோன் வேன் 1971இல் காட்டினார், 1982 நோபல் பரிசில் அதற்குப் பங்கிருந்தது. நோவு குறையும், வீக்கம் கொஞ்சம் வற்றும். டிஎன்எஃப் வழமைபோல் வந்துகொண்டே இருக்கும், எலும்பும் அரிபட்டுக்கொண்டே இருக்கும். "எனக்கு நோவு இல்லை, வருத்தம் மாறிட்டு" என்று டைக்ளோபெனாக்கை மட்டும் வாங்கிக் குடிப்பவர்களின் விரல் கோணுவது இதனால்தான். அதே புரொஸ்ரகிளாண்டின்தான் இரைப்பையின் சளிப்படையையும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. ஆகவே பக்கவிளைவு எங்கே வரும் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

டைக்ளோபெனாக் கடைசி வாய்க்காலை மண்போட்டு அடைக்கிறது என்றால், ஸ்டெரொய்ட் குளத்துத் துரிசையே இறக்குகிறது. பிரெட்னிசொலோன் கொழுப்பில் கரையும், கலச்சவ்வைத் தாண்டி உள்ளே போய் அங்கே காத்திருக்கும் வாங்கியில் (receptor, மருந்து பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டும். இரண்டும் சேர்ந்து கருவுக்குள் நுழையும். டிஎன்எஃப், இன்ரலூக்கின், கொக்ஸ் 2 ஆகியவற்றின் ஜீன்களை இயக்கிவிடும் என்எஃப் காப்பா பி, ஏபி 1 என்ற இரண்டையும் அங்கே வேலை செய்யவிடாமல் மடக்கும். கூடவே அனெக்சின் 1 போன்ற தடைப் புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கும். ஜீன் அளவில் நடக்கும் வேலை என்பதால் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். ஆஸ்துமாக்காரருக்கு ஸ்டெரொய்ட் ஊசி போட்டதும் மூச்சு திறக்காமல் நாலைந்து மணித்தியாலம் கழித்துத் திறப்பதும் இதே காரணம்தான்.

சிக்கல் என்னவென்றால் அந்த வாங்கி நிர்ப்பீடனக் கலத்தில் மட்டும் இல்லை, உடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலத்திலும் இருக்கிறது. எலும்பு, தசை, தோல், கண்வில்லை, ஈரல் எல்லாம் அதே கட்டளையைக் கேட்கும். 1948இல் பிலிப் ஹெஞ்ச் குழு வாத நோயாளிக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் ஊசி போட்டபோது படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழும்பி நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. வட்டமுகம், சீனி, எலும்பு முறிவு எல்லாம் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தன. இன்றைக்கு ஸ்டெரொய்ட் ஒரு இடைக்காலப் பாலம் மட்டும். மெத்தோட்ரெக்சேட் கரை சேரும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும், பிறகு படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாமல் வருடக்கணக்கில் ஓடினால், கீழே இருக்கும் மருந்து போதவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் ஊறிக் கிடக்கிறது, "புற்றுநோய் மருந்து, கலத்தைக் கொல்லும்" என்று. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் அது கலப்பிரிவைத் தடுப்பது உண்மை. கிழமைக்கு 7.5 முதல் 25 மி.கி. என்ற அளவில் முக்கியமான வேலை வேறு. கலத்துக்குள் போனதும் அதன் வாலில் குளூட்டமேட் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. நீண்ட வாலோடு அது வெளியேற முடியாமல் உள்ளேயே கிழமைக்கணக்கில் தங்குகிறது. அங்கே பியூரின் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியத்தைத் தடுக்கிறது. அதன் விளைவாகக் கலங்களுக்கு வெளியே அடினோசின் கூடுகிறது. அடினோசின் ரி கலம், மக்ரோபேஜ், நியூட்ரோபில் என்ற வெண்குருதிக்கலம் ஆகியவற்றின் மேலுள்ள வாங்கியில் ஒட்டி அவற்றின் வேகத்தை இறக்குகிறது. கலம் சாகவில்லை, அடங்குகிறது.

உங்கள் வாடிக்கையாளருக்கான பதில் அந்த வாலில் இருக்கிறது. மருந்து கலத்துக்குள் சேர்ந்து பலன் தெரியத் தொடங்க 6 முதல் 8 கிழமை வேண்டும், பலன் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல 12 கிழமையாவது வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போதும் என்பதற்கும் அதுவே காரணம். தினமும் குடித்தால் இரத்தக் கலங்கள் உருவாகும் என்பு மச்சையும் குடற்சுவரும் முதலில் அடிபடும்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மெதுவான ஆள். கலத்தின் லைசோசோம் பைகளுக்குள் போய்ச் சேர்ந்து அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைக்கும். எதிரிப் புரதத்தை வெட்டி ரி கலத்துக்குக் காட்டும் வேலையும், உள்ளே இருக்கும் டிஎல்ஆர் 7, 9 என்ற உணரிகளும் மந்தமாகும். தொற்றை எதிர்க்கும் சக்தியை இது பெரிதாகக் குறைப்பதில்லை. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. 45 கிலோ உள்ள அம்மாவுக்கு 400 மி.கி. ஒவ்வொரு நாளும் என்று எழுதி வந்தால் ஒருக்கால் திருப்பிக் கேளுங்கள், விழித்திரை சம்பந்தப்பட்ட விஷயம். தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம்.

காய்ச்சல் கேள்விக்குப் பிறகு வருகிறேன், அது தனியாகச் சொல்ல வேண்டியது.

நுண்ணோக்கி:

ஆய்வுகூடப் பக்கமிருந்து கொஞ்சம். ஸ்டெரொய்ட் தொடங்கினவரின் எஃப்பிசி (முழுக் குருதிக்கல எண்ணிக்கை) அறிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். வெண்குருதிக்கலம் 13,000, 14,000 என்று ஏறியிருக்கும், தொற்று என்று நினைத்து அன்டிபயோட்டிக் தேடி ஓடுவார்கள். குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை ஸ்டெரொய்ட் கழற்றி ஓட்டத்தில் விடுகிறது, அதனால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது. சுவரில் ஒட்டாத நியூட்ரோபில் திசுவுக்குள் இறங்காது. எண்ணிக்கை கூட, காவல் குறைவு. அதே நேரம் வேறு இரண்டு வகை வெண்குருதிக்கலங்களில் லிம்போசைட் இறங்கும், எயோசினோபில் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். கண்ணாடித் தட்டில் பார்த்தால் முதிராத நியூட்ரோபில்களும் நச்சுத் துகள்களும் அவ்வளவாக இருக்காது. உண்மையான தொற்றில் அவை இருக்கும். "ஸ்டெரொய்ட் குடிக்கிறவர்" என்று பரிசோதனைத் துண்டில் ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

ஸ்டெரொய்ட் தொடங்கமுன் எயோசினோபில் கூடியிருந்தால் அதை விட்டுவிடக்கூடாது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களிடம் ஸ்ட்ரொங்கிலோயிட்ஸ் புழு வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டெரொய்ட் அதைக் கட்டுப்படுத்தும் கலங்களை இறக்கிவிட்டால் புழு குடலைத் தாண்டி நுரையீரல் வரை பரவும், உயிருக்கே ஆபத்து. அதற்கு மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். வழமையான ஒற்றை மெபெண்டசோல் குளிசை இதற்குப் போதாது. பரவிய பிறகு எயோசினோபில் கூடாமலும் இருக்கலாம், ஆகவே அப்போது பார்த்து "புழு இல்லை" என்று சொல்ல முடியாது.

அழற்சியை அளக்கும் இரத்தப் பரிசோதனைகளான சீஆர்பியும் ஈஎஸ்ஆரும் ஒன்றாக இறங்குவதில்லை. சீஆர்பி நாட்கணக்கில் இறங்கும், ஈஎஸ்ஆர் கிழமைக்கணக்கில். மருந்து மாற்றிப் பத்து நாளில் ஈஎஸ்ஆர் எடுத்து "குறையவில்லை" என்று கவலைப்படுவது காசுக்குக் கேடு.

அக்கரைப்பற்று குளிசைக்கடை:

தம்பி, டொக்டர் உள்ளுக்க நடக்கிறதைச் சொல்லிட்டார், நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நடக்கிறதைச் சொல்றேன்.

மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி.யும் இருக்கு, 10 மி.கி.யும் இருக்கு. ரெண்டும் மஞ்சள் நிறத்தில வாறதுண்டு. கிளினிக்கில 2.5 கொடுத்து "கிழமைக்கு நாலு குளிசை" என்று சொல்லியிருப்பாங்க. ஒரு மாதம் அங்க இருப்பு முடிஞ்சு வெளியில வாங்கத் துண்டு கொடுக்க, கடையில 10 மி.கி. கிடைக்குது. வீட்டுக்குப் போனவர் பழக்கத்தில நாலு போட்டால் 40 மி.கி. ஒரு தரம் போட்டாலே கூடாது, அடுத்த கிழமையும் போட்டால் வாய் முழுக்கப் புண், வெள்ளையணு விழுந்து காய்ச்சல். அதனால எங்கட கடையில ஒரு பலத்தை மட்டும்தான் வைக்கிறோம், 2.5. உறையில "4 குளிசை" என்று மட்டும் எழுதுறதில்லை, "10 மி.கி. = 2.5 மி.கி. குளிசை 4, வெள்ளிக்கிழமை மட்டும்" என்று முழுக்க எழுதுறது. ஒரு மாதத்துக்கு மேல கொடுக்கிறதுமில்லை.

ஏன் வெள்ளி என்று கேட்டால், இந்தக் கரையோரத்தில வெள்ளியை மறக்கிற ஆள் இல்லை. ஒருத்தருக்கு ஜும்ஆ, ஒருத்தருக்குக் கோயில். ஃபோலிக் அமிலத்துக்குத் திங்களோ செவ்வாயோ வேற ஒரு நாள். "கிழமைக்கு ஒருக்கா" என்று மட்டும் எழுதினால் காணாது, நாளின்ர பெயர் உறையில இருக்கணும். மற்ற எல்லாக் குளிசையும் தினமும் குடிக்கிற ஆள், இதையும் தினமும் குடிக்கிறதுதான் உலகம் முழுக்க நடக்கிற பெரிய பிழை. எலும்புக்கு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. கொடுத்தால் அதுவும் கிழமைக் குளிசை, அதை ஞாயிறுக்குத் தள்ளி விடுங்க. வெறுவயிற்றில ஒரு கோப்பை தண்ணியோட, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கணும்.

வெள்ளியை விட்டிட்டால் ஞாயிறு வரைக்கும் குடிக்கலாம். அதைத் தாண்டினால் அந்தக் கிழமை போனது போனதுதான், அடுத்த வெள்ளி வழமையான அளவு. ரெண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

பிரெட்னிசொலோனிலயும் இதே கணக்கு, 1 மி.கி.யும் 5 மி.கி.யும் உண்டு. "7.5" என்றால் 5 மி.கி. ஒண்டரை. அரைக் குளிசை உடைக்கத் தெரியாதவருக்கு 5 ஒண்டும் 1 மி.கி. ரெண்டும் கொடுத்து 7 ஆக்குறது நம்மட வேலை இல்லை, டொக்டரிட்டக் கேட்டு எழுதி வாங்கணும். காலையில சாப்பாட்டோட. இரவு குடிச்சால் நித்திரை போகும்.

சீனி வருத்தக்காரருக்கு ஒரு முக்கியமான விஷயம். காலையில பிரெட்னிசொலோன் குடிச்சால் சீனி ஏறுறது பின்னேரமும் இரவும்தான், விடிய வெறுவயிற்றில பார்த்தால் அழகா இருக்கும். "எஃப்பிஎஸ் 105, எல்லாம் சரி" என்று கொண்டு வருவாங்க. பகல் சாப்பாட்டுக்கு ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

டைக்ளோபெனாக் கேட்டு வாறவர்ட பிரஷர் மருந்தையும் பாருங்க. எனலாப்ரில் அல்லது லொசார்டன், கூடவே மூத்திரம் போற குளிசை, அதுக்கு மேல டைக்ளோபெனாக், இந்த மூண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூணு பக்கத்தாலும் அடி. மே, ஜூன் வெயிலில வயல் வேலைக்குப் போற ஆளென்றால் இன்னும் கவனம். தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு இருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு 150 மி.கி.க்கு மேல யாருக்குமே இல்லை. சிறுநீரகம் குறைஞ்சால் மெத்தோட்ரெக்சேட்டும் வெளிய போகாமல் தேங்கும், அதையும் ஞாபகம் வைங்க.

மருந்துமேசை:

நன்றி டொக்டர், நானா. உறையில மி.கி.யோட நாளின்ர பெயரும் எழுதுறதை நாளையிலிருந்தே செய்யலாம்.

காய்ச்சல் விஷயம்தான் மிச்சம். இப்ப மாரி தொடங்குது, டெங்கும் எலிக்காய்ச்சலும் வரப்போகுது. காய்ச்சல் என்றதும் எங்கட ஆக்கள் "மருந்துச் சூடு" என்று எல்லாத்தையும் நிறுத்திடுறாங்க. நோன்பு காலத்தில நேரம் எப்படி மாத்துறது என்றும் சொன்னால் நல்லம்.

வெள்ளைக்கோட்டு:

எல்லாவற்றையும் நிறுத்துவதுதான் இருப்பதில் மோசமான வழி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி.

பிரெட்னிசொலோனை நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி ஒவ்வொரு நாளும் கோர்ட்டிசோல் சுரக்கிறது, காய்ச்சல் காலத்தில் கூடச் சுரக்கும். வெளியிலிருந்து தினமும் 5 மி.கி.யோ அதற்கு மேலோ ஒரு மாதம் வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பி தூங்கிப்போகும். காய்ச்சலில் உடம்புக்குக் கூடுதல் கோர்ட்டிசோல் தேவைப்படும் அன்றைக்குப் பார்த்து குளிசையையும் நிறுத்தினால் பிரஷர் விழும், வாந்தி, தலைச்சுற்று, மயக்கம். காய்ச்சல் நாட்களில் வழமையான அளவை இரட்டிப்பாக்குவது பொதுவான நடைமுறை. எவ்வளவு, எத்தனை நாள் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குளிசை வயிற்றில் தங்காமல் வாந்தி போனால் வீட்டில் காத்திருக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போட வேண்டும். கொப்பியின் முன் அட்டையில் பெரிய எழுத்தில் "ஸ்டெரொய்ட் தினமும்" என்று இருந்தால் இரவு வாட்டில் நிற்பவருக்கு அது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

மெத்தோட்ரெக்சேட் இதற்கு நேர்மாறு. அன்டிபயோட்டிக் தேவைப்படும் அளவு காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் அந்தக் கிழமை மருந்தை விட்டுவிட வேண்டும். ஒரு கிழமை விட்டால் நோய் திரும்பாது, வால் நீண்ட மருந்து கலத்துக்குள் இன்னும் இருக்கிறது. வயிற்றோட்டத்தில் நீர் வற்றிச் சிறுநீரகம் மந்தமாகும்போது குடித்தால் சாதாரண அளவே நச்சளவாகும். வறட்டு இருமலோடு மூச்சு முட்டினால், கண் மஞ்சளாகினால், காரணமில்லாமல் தோலில் கன்றினால், வாய்ப்புண் வந்தால், அடுத்த குளிசைக்கு முன் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் வழமைபோல் போகலாம்.

டைக்ளோபெனாக், ஐபுபுரொஃபென் இரண்டும் காய்ச்சலில் கிட்டவும் வரக்கூடாது. டெங்கில் குருதித்தட்டு விழும் நேரத்தில் இரைப்பையில் புண்ணும் சேர்ந்தால் இரத்தப்போக்கு. எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே சிறுநீரகம் தாக்கப்படுகிறது. பனடோல் (பரசிட்டமோல்) 500 மி.கி. இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டாமல், அவ்வளவுதான். நிறை குறைந்தவருக்கு அதிலும் குறைவு.

இந்த நோயாளிகளுக்கு எஃப்பிசி எடுக்க மூன்றாம் நாள்வரை பார்த்திருக்க வேண்டாம், முதல் நாளே எடுக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டும் வெள்ளையணுவையும் தட்டையும் இறக்கும், டெங்கும் இறக்கும். முன்னைய கிளினிக் அறிக்கை கையில் இருந்தால்தான் எது எதுவென்று பிரிக்க முடியும். ஸ்டெரொய்ட் காய்ச்சலையே மறைக்கும் என்பதும் உண்டு. 99 பாகைதான் காட்டுகிறது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால் வெப்பமானியை நம்ப வேண்டாம்.

கடைசியாக, நம் பகுதிக்கே உரிய ஒன்று. மட்டக்களப்பில் மெலியோய்டோசிஸ் நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பற்றீரியா அது, மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கூடும். சீனி வருத்தம்தான் அதற்கு முதல் வாசல், நீண்டகால ஸ்டெரொய்ட்டும் இன்னொரு வாசல். அதன் சிகிச்சையில் ஊசி மருந்து முடிந்ததும் மூன்று மாதமாவது கோட்ரைமொக்சசோல் குளிசை கொடுக்கப்படும். கோட்ரைமொக்சசோலும் மெத்தோட்ரெக்சேட்டும் ஒரே ஃபோலேட் பாதையை இரண்டு இடத்தில் அடைக்கின்றன. சேர்த்துக் கொடுத்தால் என்பு மச்சை ஒரேயடியாக விழும், அதனால் இறந்தவர்கள் உண்டு. மூத்திரத் தொற்றுக்கு மூன்று நாள் கொடுக்கும் ட்ரைமெத்தோப்ரிமும் அப்படித்தான். இரண்டையும் ஒரே கொப்பியில் கண்டால் மருந்தைக் கொடுக்காமல் எழுதியவருக்கு அழைப்பு எடுங்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்து குடித்துவிட்டு வாய்ப்புண்ணோடு வந்தால் உடனே வாட்டுக்கு, அங்கே ஃபோலினிக் அமிலம் கொடுப்பார்கள். கடையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அந்த வேலையைச் செய்யாது.

வாவிக்கரை:

இவ்வளவு மருந்துக்குப் பதிலா மஞ்சள், இஞ்சி எடுத்தால் காணாதா? மஞ்சளும் அந்த என்எஃப் காப்பா பியைத்தான் அடக்குது என்று வாசிச்சேன். ஊரில மூட்டு நோவுக்கு ஒரு தூளும் விக்கிறாங்க, ரெண்டு நாளில நோவு பறக்குதாம்.

நுண்ணோக்கி:

சோதனைக்குழாயில் அடக்குவது உண்மைதான். வாயால் எடுக்கும் குர்க்குமின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது, அதையும் ஈரல் சீக்கிரம் கழித்துவிடும். கறிக்குப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பதிலாக முடியாது.

இரண்டு நாளில் நோவு பறக்கும் தூளைத்தான் நான் சந்தேகப்படுவேன். பெயர் ஒட்டாத பொட்டலங்களில் டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன் கலந்து பிடிபடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. டெக்சாமெதசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசொலோன் 5 மி.கி.க்குச் சமம், கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். பசி கூடி, முகம் உருண்டு, சீனி ஏறி, எஃப்பிசியில் எயோசினோபில் பூச்சியமாக இருந்தால் தூளைப் பற்றிக் கேளுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவரிடம் "இன்றோடு நிறுத்து" என்றும் சொல்லாதீர்கள், டொக்டர் சொன்ன அந்தத் தூங்கும் சுரப்பி அவருக்கும் இருக்கிறது. தூளோடு கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

அக்கரைப்பற்று குளிசைக்கடை:

நோன்பு விஷயம் நான் சொல்றேன். பிரெட்னிசொலோன் ஒரு நேரம்தான், விடியமுன் சஹர் சாப்பாட்டோட குடிச்சால் உடம்பின்ர இயற்கை நேரத்துக்கும் ஒத்துப்போகும். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு. மெத்தோட்ரெக்சேட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றிரவு தண்ணி நல்லாக் குடிக்கணும். இதே நோய்க்குக் கொடுக்கிற சல்பாசலசினை ரெண்டு நேரம் குடிக்கிறவர் சஹரிலயும் இஃப்தாரிலயும் பிரிச்சுக்கொள்ளலாம், மூத்திரம் செம்மஞ்சளாப் போறதுக்குப் பயப்படத் தேவையில்லை. டைக்ளோபெனாக் மட்டும் சரிவராது. சுமார் 13 மணித்தியாலம் தண்ணியில்லாத உடம்பில அது சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் ரெட்டைக் கேடு. அந்த மாதம் பனடோலோட சமாளிக்க ஏலாட்டி, நோன்பு பிடிக்கிறதா இல்லையா என்று டொக்டரிட்டயும் மௌலவியிட்டயும் கேட்கிறதுதான் முறை. பிரெட்னிசொலோன் 20, 30 என்று பெரிய அளவில இருக்கிறவரும், சீனிக்கு இன்சுலின் போடுறவரும் கிளினிக்கில கேட்காமல் பிடிக்கவே கூடாது.

மருந்துமேசை:

கடைசியா ஒரு கேள்வி. இந்தக் குளிசைகளுக்கு அடங்காதவங்களுக்கு ஊசி எழுதி வருது, அடாலிமுமாப் 40 மி.கி. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. கொழும்பில வாங்கி பஸ்ஸில கொண்டு வாறாங்க. எங்கட கடை ஃபிரிட்ஜில வைக்கச் சொல்லிக் கேக்கிறாங்க.

வெள்ளைக்கோட்டு:

அடாலிமுமாப் ஒரு எதிருடல் புரதம். கலத்துக்குள் போவதில்லை, வெளியே மிதக்கும் டிஎன்எஃபைப் பிடித்து அது வாங்கியில் ஒட்டாமல் செய்கிறது, அவ்வளவே. குறி துல்லியம் என்பதால் ஸ்டெரொய்ட் போல எலும்பையும் சீனியையும் கெடுக்காது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிவைத்திருக்கும் சுவரைத் தாங்குவதும் அதே டிஎன்எஃப். தூங்கும் காசநோய் எழும்பிவிடும். அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயும் மான்டூ என்ற காசநோய்த் தோல் சோதனையும் முடியாமல் முதல் ஊசி போடக்கூடாது. ஸ்டெரொய்ட் குடிப்பவருக்கு மான்டூ பொய்யாக வெறுமையாகக் காட்டலாம், அதை வைத்து மட்டும் நிம்மதியடைய வேண்டாம். ஹெபடைட்டிஸ் பீ பரிசோதனையும் அதே நாளில் எடுத்துவிடலாம். ஊசி ஓடும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கிடையாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், இரவு வியர்வை, நிறை குறைதல் என்றால் அடுத்த ஊசியை நிறுத்திவைத்துவிட்டுச் சளி பரிசோதிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று குளிசைக்கடை:

ஃபிரிட்ஜ் கதை என்னுடையது. 2 முதல் 8 பாகை செல்சியஸ். பெட்டிக்குள்ள ஒரு துண்டில "25 பாகைக்குள்ள சில நாள் வெளிய இருக்கலாம்" என்று இருக்கும், அது எங்கட ஊருக்கு எழுதினதில்லை. மட்டக்களப்பில பல மாதங்கள்ல இரவிலயும் 25க்கு மேல நிற்கும். பஸ்ஸில கொண்டு வாறவருக்கு ரெஜிபோம் பெட்டி, ரெண்டு ஐஸ் பக்கற், ஐஸுக்கும் ஊசிக்கும் நடுவில மடிச்ச துவாய். ஊசி ஐஸில நேரே முட்டினால் உறைஞ்சிடும், சூடு பட்டதை விட உறைஞ்சதுதான் கேடு. புரதம் உருமாறிப் போகும், உருகின பிறகு பார்த்தால் தண்ணி மாதிரித் தெளிவாத்தான் இருக்கும்.

கடை ஃபிரிட்ஜில கதவுத் தட்டில வைக்காதீங்க, திறக்கத் திறக்கச் சூடு அடிக்கும். பின்சுவரில ஒட்டியும் வைக்காதீங்க, அங்க உறையும். நடுத்தட்டில, வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியோட, பக்கத்தில ஒரு வெப்பமானி. காலையும் பின்னேரமும் பார்த்துக் கொப்பியில எழுதணும். மின்சாரம் போற நாளில கதவைத் திறக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், எவ்வளவு நேரம் என்று உங்கட ஃபிரிட்ஜிலயே வெறும் தண்ணிப் போத்தல் வைச்சு ஒருக்கா அளந்து பார்த்து வைங்க. போடுறதுக்கு அரை மணித்தியாலம் முந்தி வெளிய எடுத்து வைச்சால் ஊசி குத்துற இடம் எரியாது. வெந்நீரில வைச்சுச் சூடாக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. உறைஞ்சதோ என்று ஒரு சின்னச் சந்தேகம் இருந்தாலும் அதைப் போடாமல், வாங்கின இடத்துக்குத் திகதியும் நேரமும் எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.